காதுக்குள் அத்தர்ப் பஞ்சு

எந்தத் தொழிலிலும் நான் ஓராண்டு நிலைத்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், பழைய மோட்டார் சைக்கிளில், இடுப்பில் உடுக்கும் சாரன்களின் பொதியைக் கட்டிக்கொண்டு கல்முனைக்குடியிலிருந்து பொத்துவில்வரை விற்றுத் திரிந்தேன். என் முதலெல்லாம் அந்தப் பொதிதான். கடற்கரை வீதியில் காற்று காதுக்குள் இரைந்துகொண்டே இருக்கும். வண்டியை நிறுத்திய பிறகும் அந்த இரைச்சல் என்னை உட்கார விடாது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்காகக் காதுமடலில் செருகியிருந்த அத்தர்ப் பஞ்சை இரண்டாகப் பிய்த்து இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு புறப்பட்டேன். இரைச்சல் அடங்கியதும் வேகம் கூடியது. திருக்கோவிலில் ஒரு மீனவர் எனக்கும் பொதிக்கும் நடுவில் ஏறிக்கொண்டார். வழியில் என் முதுகில் தட்டினார். வேகத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து இன்னும் முறுக்கினேன்.

பொத்துவிலில் இறங்கியவர் நொண்டினார். பொதியின் கயிறு தளர்ந்து, அது சைலன்ஸர் பக்கம் சரிந்திருந்தது. துணி கருகாமலிருக்கத் தன் காலை இடையில் கொடுத்திருக்கிறார். கெண்டைக்காலில் தோல் உரிந்திருந்தது.

“கத்திக் கத்திப் பாத்தன் தம்பி. உங்களுக்குக் கேக்கல்ல.”

நான் பஞ்சைப் பிடுங்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “சாரன் போதாதெண்டு காதுக்குள்ள பஞ்சு யாவாரமுமா?”

“பொதிய விட்டிருக்கலாமே அண்ணன்.”

“விட்டா நாளைக்கு எத விப்பீங்க?”

அதன் பிறகும் ஊரும் தொழிலும் மாறிக்கொண்டேதான் இருந்தேன். காதை மட்டும் அடைக்கவில்லை. இரைச்சல் தாங்காதபோது வேகத்தைக் குறைப்பேன்; காற்று தானாக அடங்கிவிடும். அன்றும் அதைச் செய்திருக்கலாம்.