கண்மாய்க்குத் திரும்பிய வண்டல்

வெற்றி தோல்வியை அறிவிக்கும் உரிமை நடுவருக்கே உரியது என்று பட்டிமன்ற மேடைகள் எனக்குக் கற்பிப்பதற்கு முன்பே, எங்கள் குடும்பத்துக்கு நான் நடுவராக இருந்தேன். அப்போது நான்காம் வகுப்பு.

இராஜபாளையத்துக்கு வெளியே உள்ள எங்கள் கண்மாயில் ஒரு சாயப்பட்டறையின் கழிவு சில ஆண்டுகள் தேங்கியதால் நீர் கறுத்து, கொக்கும் நாரையும் அகன்றுவிட்டன. பட்டறை மூடப்பட்டபின், நஞ்சேறிய சேற்றை அகற்றிப் பறவைகளுக்கு மீண்டும் இடம் அமைக்கும் பணிக்குப் பொறியாளராக வந்தவர் என் அத்தை. ஊர் வியந்தது, ஊரைவிட அதிகம் வியந்தவள் நான்.

கோடையில் கண்மாய் வண்டலை அள்ளித் தோப்புக்கு இடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மண் அள்ளும் இயந்திரத்தின் ஓசை கேட்டதும் பெரியப்பா வழக்கம்போல் டிராக்டரோடு வந்து நின்றார். அத்தை கரையிலேயே மறித்தார்.

“அண்ணே, வண்டியத் திருப்புங்க. இது வண்டல் இல்ல, விஷம்.”

“ஏட்டி, என் தென்னையெல்லாம் காய்ப்பில்லாம நிக்குது. கண்மா மண்ண அள்ள ஒங்கிட்ட உத்தரவு வாங்கணுமோ?”

“இதப் போட்டா மரமே நிக்காது.”

டிராக்டர் வெறுமையாகத் திரும்பியது. அத்தைக்கே வெற்றி என்று தெருவெங்கும் தீர்ப்பளித்தேன். பெரியப்பா அத்தையுடன் பேசுவதை நிறுத்தினார்.

சேறு போனபின் கண்மாய் கழுவிக் கவிழ்த்த சட்டிபோல் கிடந்தது. நடுவே மேடு எழுப்பிக் கருவேலங்கன்று நட்டால்தான் பறவைகள் வந்து அடையும். அதற்கு மழைக்கு முன் நல்ல வண்டல் வேண்டும், எங்கும் கிடைக்கவில்லை என்று அத்தை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்த பெரியப்பா, காதில் விழாதவரைப்போல் வெளியே போனார்.

மறுநாள் அவருடைய டிராக்டர் கண்மாய்க்குள் இறங்கியது. கழிவு கலப்பதற்கு முன் அங்கிருந்தே அள்ளி, தென்னைக்கென்று ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இட்டு அவர் மிச்சம் வைத்திருந்த வண்டல் அதில் நிறைந்திருந்தது.

“அண்ணே, அப்ப தென்னைக்கு?” என்றார் அத்தை.

“தென்ன எங்கயும் ஓடிப்போகாது. மேடு எங்கன வேணும்னு காட்டு.”

நான் நடுவரின் மிடுக்கோடு முன்னால் போய் நின்றேன். “பெரியப்பா, அத்தைகிட்ட தோத்துட்டீகளா?”

“ஆமாட்டி. செத்த நேரம் தள்ளி நில்லு, மண்ணு சரியும்.”

இன்று மாலைதோறும் அந்த மேட்டுக் கருவேலமரங்களில் கிளைக்குக் கிளை நாரைகள் இடத்துக்குச் சண்டையிடுகின்றன. அன்றோ, என் தீர்ப்பைத் தோற்றவரே ஒப்புக்கொண்ட பெருமிதத்தில் மிதந்தேன். தோற்றவர் ஏன் மறுநாளும் ஒரு வண்டி மண்ணோடு வந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.