காயும் மருந்து

இல்லை, சைக்கிளிலிருந்து விழுந்து இல்லை. போடியில் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஈஸ்வரி அக்கா தன் வீட்டில்தான் இறந்தார். விடிகாலையில் காப்பி போட எழுந்தவர், அடுப்படியிலேயே. இதயம் என்றார் டாக்டர். சைக்கிள் அப்போது வாசல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தது.

செய்தி வந்தபோது நான் எங்கள் ஏலக்காய் வியாபார அலுவலகத்தில் இருந்தேன். ஏலக்காய் மாதிரிகளைச் சின்னத் தட்டுகளில் பரப்பி எண் ஒட்டி வைப்பது அக்காவின் வேலை. கணக்கு என் வேலை. அன்று அவர் வரத் தாமதமானதால் தட்டுகளை நானே பரப்பிக்கொண்டிருந்தேன். முதலாளி போனைக் கீழே வைத்தார்.

"ஈஸ்வரி போயிருச்சாம்த்தா."

"எங்க?" என்று கேட்டேன்.

கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் தங்கை போதுமணி அக்கா மேலேயிருந்து ஜீப்பில் வந்து சேர்ந்தார். குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அவருக்கு வேலை. தனியாகத்தான் இருக்கிறார். ஞாயிறுதோறும் ஈஸ்வரி அக்கா சைக்கிளில் அவரைப் பார்க்கப் போவார். பையில் கருவாடு, வாரப் பத்திரிகை. கொஞ்ச காலமாக நானும் கூடப் போய்வந்தேன். எல்லாம் முடிந்த பிறகு போதுமணி அக்கா அந்தச் சைக்கிளை என் பக்கம் தள்ளினார்.

"இத நீ கொண்டு போ தாயி. எனக்கு ஓட்டத் தெரியாது." பிறகு, ஹேண்டில்பாரை விடாமலேயே, "இனி மேல வருவியா? இல்ல, இது மாதிரி நீயும் செவத்தோரமா நின்னுக்கிருவியா?"

ஆய்வுப் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பியவள் நான். சுவரோரம் நிறுத்தி வைத்தவை என்னிடம் நிறைய.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். டயரில் காற்று இறங்கியிருந்தது.

அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏலக்காயை அவர் கை வழியாகப் பார்த்தவர்களுக்கு. அந்த மலைச்சாலையில் அவருக்கு வழிவிட்ட ஜீப்காரர்களுக்கு. உங்களில் பலருக்கு அந்த டயர்களின் கதை தெரிந்திருக்காது.

முதலில் அக்கா ஓட்டியது சாதாரண டியூப் வண்டிதான். குரங்கணிச் சாலையோரம் முழுக்கக் கருவேல முள். வாரம் தவறாமல் பஞ்சர். சாலையோரத்தில் குந்தி டியூபை உருவிக்கொண்டிருக்கும் அவரைப் பார்த்து ஒரு ஜீப்காரர் நிறுத்தாமலேயே கத்துவார்.

"யக்கா, நீங்க வண்டிய ஓட்டுறீகளா, வண்டி ஒங்கள ஓட்டுதா?"

"போடா. ஒனக்கு லோடு சேர்றதுக்குள்ள நான் மேல போயி கொழம்பு வச்சு எறக்கிருவேன்."

அதன் பிறகுதான் டியூப் இல்லாத டயருக்கு மாறினார். அவரைப் பார்த்து நானும். அதற்குள் கொஞ்சம் திரவம் ஊற்றிவைக்க வேண்டும். முள் குத்தினால் அந்தத் திரவம் ஓட்டை வழியாக வெளியே வரப் பார்த்து, அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். கடையில் சீலன்ட் என்பார்கள். அக்காவுக்கு அது மருந்து. மருந்துகளில் பல வகை. எதை ஊற்றுவது என்பதுதான் எங்கள் இருவருக்கும் இடையே நடந்த ஒரே சண்டை. அது முடியவே இல்லை.

அவர் வேதியியல் படித்தவர். ஆனால் மருந்தைத் தேர்ந்தெடுக்க அவர் கையாண்டது ஏலக்காய்க்காரர்களின் வழி. கிடைத்த வகைகளையெல்லாம் வரவழைத்து மாதிரித் தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். பெயரை மறைத்து எண் மட்டும் ஒட்டினார். அலுவலக ஜன்னல் திட்டில், வெயிலில், வரிசையாக.

"பேரு தெரிஞ்சா கண்ணு பேரத்தான் பாக்கும்" என்றார். ஏலக்காய்க்கும் அதையேதான் சொல்வார்.

முதலாளி அந்தப் பக்கம் வந்தார். தட்டும் எண்ணும் இருந்தால் இந்த ஊரில் யாருக்கும் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே ஒரு தட்டில் விரலை விட்டு எடுத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். அது ரப்பர் பாலில் செய்த வகை. தேய்க்கத் தேய்க்க உறையும். இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டன.

"ஏ ஈஸ்வரி, என்னாது இது, எந்தத் தோட்டம்?"

"டயருத் தோட்டம் மொதலாளி. ஒட்டுச்சுல்ல? அப்ப அதுக்குத்தான் மொத எடம்."

அன்று சாயங்காலம் வரை முதலாளி விரலில் ஒட்டியதை உரித்துக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து சிரிப்பை அடக்கியதில் அவர் தோள் குலுங்கியது. எனக்கு அது இன்னும் கண்ணில் இருக்கிறது.

நான் வேறு தட்டைக் காட்டினேன். அதில் ரப்பர் பால் இல்லை. போடி வெயிலில் மற்றவை தோல் கட்டிப்போன பிறகும் அது அப்படியே ஈரமாக இருந்தது. ஒரு முறை ஊற்றினால் நெடுநாள் காயாது. திறந்து பார்க்கவே வேண்டாம்.

"அதனாலதான் வேணாங்கேன்" என்றார் அக்கா.

புரியவில்லை. அவர் டயரில் அவர் மருந்து, என் டயரில் என் மருந்து என்று விட்டுவிட்டோம்.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிறு நாங்கள் மேலே இருக்கும்போது பாதையில் மண் சரிந்தது. ஜீப்பும் இல்லை. சைக்கிள்களை அங்கேயே விட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்து இறங்கினோம். திரும்பப் போக நாளாயிற்று. போனபோது என் சைக்கிள் கொட்டகையில் நனைந்து கிடந்தது. அக்காவுடையதைப் போதுமணி அக்கா ஸ்டோரில், அதாவது ஏலக்காய் காயவைக்கும் அறையில், சூடான சுவரை ஒட்டிப் பத்திரமாக நிறுத்தியிருந்தார். வண்டி நன்றாகத் துடைத்து, துரு இல்லாமல், ஏலக்காய் வாசனையோடு இருந்தது.

அக்கா முன்சக்கரத்தைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ உருண்டது.

"என்னடி பண்ணுன?"

"நனஞ்ச எதையும் நாங்க ஸ்டோர்லதான் வப்போம். காஞ்சாத்தான கெடாது?"

"ஏலக்காயி கெடாதுடி. இது காயக் கூடாது."

"அப்ப மொதல்லயே சொல்லணும். ஒண்ணு காயணும், ஒண்ணு காயக் கூடாதுன்னா நான் என்னத்தக் கண்டேன்?"

டயரைப் பிரித்தோம். மருந்து முழுவதும் சுருண்டு ஒரு ரப்பர் உருண்டையாகியிருந்தது. எலுமிச்சை அளவு. போதுமணி அக்கா அதைத் தரையில் எறிந்தார். துள்ளி எழும்பிக் கூரை ஓட்டில் பட்டது. மூவரும் சிரித்தோம்.

என் டயரில் மருந்து அப்படியே இருந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சொன்ன. சரிதான்" என்றார் அக்கா. தோற்றதை அவர் அப்படித்தான் ஒப்புக்கொள்வார். உடனே, முழுதாக. அன்று அவர் வண்டிக்கும் என் பாட்டிலிலிருந்துதான் மருந்து.

ஆனால் அடுத்த முறை மறுபடியும் ரப்பர் பாலையே ஊற்றினார். கேட்டதற்குச் சிரித்தார்.

பிறகு அந்தக் கல். குரங்கணிக்கு மேலே, ஜீப் பாதையில், உடைந்த சல்லி கிடந்த ஒரே இடத்தில் இருவருக்கும் டயர் கிழிந்தது. முள் ஓட்டை அல்ல, வெட்டு. என் டயர் மருந்தைக் கக்கிக்கொண்டே இருந்தது. அடைக்கவில்லை. அக்கா தன் சக்கரத்தைத் திருப்பி, மருந்து அங்கே சேரும்படி வெட்டைத் தரைப்பக்கம் கொண்டுவந்தார். ஒரு பாட்டு முணுமுணுக்கும் நேரம் காத்திருந்தார். சீறல் மெலிந்து நின்றது. காற்றடித்தார். பிறகு பையிலிருந்து ரப்பர் திரியை எடுத்து என் டயரின் வெட்டில் திணித்தார். அன்று நான் சொன்னதுபோல 'அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"அப்ப எதுதான் சரி?"

"முள்ளுக்கு ஓன் மருந்து போதும். கல்லுக்கு என் மருந்து. மருந்த ஏன் புள்ள முடிவு பண்ற? நீ எங்க போகப்போற, எத்தன தடவ போகப்போறேங்கறத முடிவு பண்ணு."

கொஞ்ச தூரம் ஏறிய பிறகு, மூச்சு வாங்க, இன்னொன்றும் சொன்னார்.

"காயிற மருந்துன்னா அடிக்கடி தொறந்து பாக்கணும். பாக்கணும்னா ஓட்டணும். எனக்கு அந்தத் தொல்ல வேணும்."

அவர் சொன்னவற்றில் எனக்கு இன்னும் தேவைப்படுவது இதுதான். அறிவுரையாகச் சொல்லவில்லை. தன்னைப் பற்றித்தான் சொன்னார். மேலே ஒருத்தி காத்திருக்கிறாள், அவளை நாம் மறந்துவிடக் கூடாது. அதற்கு அவர் டயருக்குள்ளேயே ஒரு வழி வைத்திருந்தார். மருந்து காயும். காய்வதற்குள் போகவேண்டும்.

அவர் சைக்கிள் இப்போது என் வீட்டில். வந்த அன்றே முன்சக்கரத்தைத் தூக்கிக் காதருகே ஆட்டினேன். ஏலக்காயை அப்படி ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும், அது நல்ல சரக்கு. டயர் கலகலக்கக் கூடாது, சளக் என்று அசைய வேண்டும். இரண்டையும் அக்கா ஒரே முகத்தோடு கேட்பார், கண்ணை மூடி. எனக்குச் சளக் கேட்கவில்லை. காய்ந்திருந்தது. அவரும் ஊற்ற நினைத்திருப்பார். அந்த வாரமோ, அடுத்த வாரமோ.

அலமாரியில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. என்னுடையது, காயாதது. சைக்கிளை ஒரு வருடம் தொடாமல் விட்டாலும் உள்ளே ஈரமாக இருக்கும். நான் மேலே போகவில்லை என்பது யாருக்கும் தெரியாது, டயருக்குக்கூட. மற்றது அவருடையது, சைக்கிள் பையோடு வந்தது. அந்தத் தட்டிலிருந்து பிய்த்த எண் சீட்டைப் பாட்டிலில் ஒட்டியிருந்தார்.

சனிக்கிழமை டயரைப் பிரித்தேன். காய்ந்த தோலை உரித்தேன். இம்முறை உருண்டை இல்லை, மெல்லிய ஏடுதான். அவருடைய பாட்டிலை நன்றாகக் குலுக்கி ஊற்றினேன். காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்து, சக்கரத்தைச் சுற்றவிட்டேன். குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கின. பாட்டிலில் இன்னும் ஒரு முறைக்கு இருந்தது. கடைக்குப் போன் செய்து அதே வகையில் புதிதாக ஒன்று அனுப்பச் சொன்னேன்.

என்னிடம் அவர் விட்டுச்சென்றவை: கூரையில் பட்ட அந்த ரப்பர் உருண்டை, இப்போது என் மேசையில். சக்கரத்தைக் காதால் பார்க்கும் பழக்கம். தோற்றால் உடனே ஒப்புக்கொள்ளும் அந்தக் குரல், அதை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். காய்கிற மருந்து.

ஞாயிறு காலை சந்தைப் பக்கம் போய்க் கருவாடு வாங்கினேன். வாரப் பத்திரிகையும். குரங்கணியில் டீ குடிக்க நிறுத்தியபோது அந்த ஜீப்காரர் என்னையும் வண்டியையும் பார்த்துவிட்டு, கத்தாமல், மெதுவாகக் கேட்டார்.

"மேலயா?"

"மேலதான்."

டீக்காசு கொடுத்தேன். முன்சக்கரத்தை ஒரு முறை ஆட்டிக் கேட்டுவிட்டு, ஏறி மிதித்தேன்.