மாறிப்போன பையில் இருந்த புத்தகம்

2003ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். சமாதான காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து தீவுப்பகுதிக்கு வரும் பஸ்ஸை வழியில் சோதனைச் சாவடியில் படையினர் மறிக்காமல் விடமாட்டார்கள். எல்லோரும் இறங்கி, பைகளை ஒரு நீட்டுப் பலகையில் வரிசையாக வைத்துவிட்டு நடக்கவேண்டும். பெண்களைத் தனியாக ஒரு கொட்டிலுக்குள் வைத்துச் சோதிப்பார்கள். பிறகு அந்தப் பக்கத்தால் வந்து அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஏறவேண்டும். மழையும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அப்படி ஓடிய ஒருநாள்தான் என் பை மாறிப்போனது.

அன்று நான் பட்டணத்தில் பல் பிடுங்கிவிட்டு மடத்துவெளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வாய் நிறையப் பஞ்சு. பக்கத்து இருக்கையில் நெடுந்தீவுக்குப் போகும் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. வேதக்காரப் பிள்ளை என்று அதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அம்மாடி, அவள் கதைத்த கதை! நெடுந்தீவுக் காற்று, அவளுடைய ஆடு போட்ட குட்டி, பட்டணத்து மரக்கறி விலை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். எங்கே இறங்குவீர்கள் என்று அவள் கேட்டபோது "மடத்துவெளி" என்று எப்படியோ சொல்லிவிட்டேன், அதோடு சேர்ந்து இரத்தம் ஊறிய பஞ்சும் வெளியே வந்துவிட்டது.

"ஐயோ, கதையாதையுங்கோ அக்கா, நீங்கள் கதைக்கக்கூடாது" என்று பதறியவள், தன் கதையை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

எங்கள் இருவரிடமும் ஒரே புடவைக்கடையில் கொடுத்த சிவப்புத் துணிப்பை. வீட்டுக்கு வந்து கையை உள்ளே விட்டபோதுதான் தெரிந்தது. ஒரு பைக்கற்று மெழுகுதிரியும், மண்ணிறத் தாளில் உறை போட்ட ஒரு புத்தகமும் இருந்தன. என் மகளின் சட்டை இல்லை.

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வருடம் ஆவணியில் என் ஒரே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. தை மாதம் முதலாம் வகுப்பில் சேர்க்க இருந்தோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவள் போட்டிருந்தது அந்த மஞ்சள் சட்டை. நெஞ்சுப் பக்கத்தில் நாவல்பழக் கறை. அதை நான் தோய்க்கவில்லை. முகத்தில் வைத்து மூச்சை இழுத்தால் அவளுடைய வேர்வையும் தலைக்கு வைத்த எண்ணெயும் மணக்கும். எங்கே போனாலும் பைக்குள் கொண்டு போவேன். பல் பிடுங்கப் போன இடத்துக்கும் அதைக் கொண்டுதான் போனேன்.

எங்கள் வழக்கத்தில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். எட்டாம் நாள் செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, வருடத் திவசமும் இல்லை. என் அப்பா காலமானபோது ஒரு மாதம் முழுக்க வீட்டில் வேலையிருந்தது. சமையல், ஐயர், வந்து போகும் சனம் என்று அழக்கூட நேரமில்லாமல் ஓடித்திரிந்தோம், அதுவே ஒரு ஆறுதலாக இருந்தது. மகளுக்கு அப்படி ஒன்றுமே இல்லை. புதைத்துவிட்டு வந்து முழுகினார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போய்விட்டார்கள்.

"இனி என்ன செய்யவேணும்?" என்று உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன்.

"சின்னப்பிள்ளைக்கு ஒண்டும் செய்யிறேல்லை" என்றாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "நீ அழாதை. தாய் அழுதால் பிள்ளை போற வழியெல்லாம் தண்ணி நிக்கும். அதுக்குக் கடக்க ஏலாது."

நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. வெள்ளத்தைக் கண்டாலே என் இடுப்பில் ஏறிக்கொள்கிற பிள்ளை அவள். அன்றோடு அழுகையை நிறுத்தினேன். விம்மல் வந்தால் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைப்பேன். நான் மனத்திடமுள்ளவள் என்று சனம் மெச்சியது. எனக்குச் சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. இயல்பாகவே எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அந்த மாதங்களில் அது இன்னும் நீண்டது. என் கணவர் வீட்டில் வாயே திறப்பதில்லை.

சட்டையைக் காணவில்லை என்றதும் எல்லோருக்கும் என்னிடம் ஏச்சு விழுந்தது. பஸ்காரனுக்கு, பல் பிடுங்கிய டொக்டருக்கு, மழைக்கு, வாய் ஓயாத அந்தப் பெண்ணுக்கு. கணவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இஞ்சேரும், அந்தப் பிள்ளை நெடுந்தீவு எண்டு சொன்னதெல்லே? நாளைக்குப் படகிலை ஆரிட்டையும் சொல்லிவிடுவம். சட்டை எங்கையும் போகாது" என்றார்.

மறுநாள் விடிந்ததும், நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனோம். கடல் கறுத்துக் கிடந்தது. காற்று ஆளைத் தூக்கியது. படகு ஓடவில்லை. எப்போது ஓடும் என்று அங்கே நின்ற படகுக்காரரிடம் கேட்டேன். காற்று விழுந்தால்தான் என்றார்.

"உங்களுக்கென்ன! காணாமல் போனது உங்கடை பிள்ளையின்ரை சட்டையே?" என்று அவர்மீது பாய்ந்தேன்.

"நானோ அக்கா கடலைக் கலக்கினனான்?" என்றார் அந்த மனிதர் பாவமாக. கணவர் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கிழமை முழுக்க மழையும் காற்றும்தான். கணவர் வேலைக்குப் போய்விடுவார். நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். பேரோ விலாசமோ இருக்குமா என்று பார்க்கத்தான் அந்தப் புத்தகத்தை விரித்தேன். இல்லை. முன்பக்கங்களே கிழிந்து போயிருந்தன. நாலு வரி வாசித்ததும் விளங்கிவிட்டது, செத்த பிறகு என்ன நடக்கும் என்பதைப் பற்றிய புத்தகம் அது. கார்த்திகை மாதம் வேதக்காரருக்கு இறந்தவர்களின் மாதம் அல்லவா? மெழுகுதிரி ஏன் இருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பட்டென்று மூடி வைத்தேன். எங்களுடைய சமயமும் இல்லை. அத்தோடு, எழுதினவர் என்ன போய்ப் பார்த்துவிட்டு வந்தா எழுதினார் என்று ஒரு எரிச்சல்.

ஆனால் எவ்வளவு நேரம்தான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பது? மறுபடியும் எடுத்தேன். எழுதியவர் ஒரு குருவானவர் போல. பல செத்தவீடுகளுக்குப் போய்வந்த மனிதர் என்பது எழுத்திலேயே தெரிந்தது. நான் ஏசிய அதே விஷயத்தை அவரே ஒப்புக்கொண்டிருந்தார். தானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தவனல்ல, தான் நம்புவதைத்தான் எழுதுகிறேன் என்று. அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போனது. அதன் பிறகு அவரோடு சண்டை பிடிக்காமல் வாசித்தேன்.

புத்தகத்தின் சில இடங்களில் பென்சிலால் கோடு கீறியிருந்தது. ஓரிடத்தில், இறந்தவர்களுக்காக அழுகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தார். நம்முடைய கண்ணீர் அவர்களை மறிக்காது, அவர்கள் தட்டுத்தடுமாறித் தனியாக நடந்து போவதில்லை, கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறவர் ஒருவர் இருக்கிறார், பின்னால் தாய் அழுகிற சத்தம் கேட்டால் அவர் கோபிக்கமாட்டார் என்று. இன்னும் கொஞ்சம் தள்ளி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிற தாய் பிள்ளை இல்லாதவள் ஆகிவிடுவாளா என்று கேட்டிருந்தார்.

அவ்வளவுதான். தை மாதம் பள்ளிக்கு அனுப்ப இருந்த பிள்ளை. நான் குழறி அழுதேன். மூன்று மாதமாக அடைத்து வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. வாய்க்குள் சேலைத் தலைப்பை அடைக்கவில்லை. மழைச் சத்தத்தையும் மீறி அடுத்த வளவுக்குக் கேட்கும்படி அழுதேன். வேலையால் வந்த கணவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அடுப்பு அணைந்து போயிருந்தது, உலை வைக்கவில்லை, நான் நிலத்தில் கிடந்தேன்.

"என்னப்பா, என்ன நடந்தது?" என்று ஓடிவந்தார்.

"அவளுக்கு ஒண்டும் நடக்காதாம். நாங்கள் அழலாமாம்" என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார். புத்தகத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். பிறகு என் பக்கத்தில் குந்திக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு அந்த மனிதர் அழுத அழுகை! நான் அழாமல் இருந்ததைப் பார்த்து, தான் அழுதால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்து இவ்வளவு நாளும் அடக்கிக்கொண்டிருந்தாராம். பிள்ளை போய் மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நாங்கள் இருவரும் ஒன்றாக அழுதோம். அழுது முடிந்ததும் பசித்தது. பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

மிச்ச நாட்களில் புத்தகத்தை முழுதாக வாசித்தேன். கடைசிப் பக்கங்களில், கல்லறை இல்லாதவர்களைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. கடலில் போனவர்கள், உடல் கிடைக்காதவர்கள். கடவுள் ஆட்களைக் கல்லறையில் எழுதியிருக்கிற பேரைப் பார்த்துத் தேடுவதில்லை என்று எழுதியிருந்தார். அந்த இடத்தில் பென்சிலால் கீறிக் கீறித் தாளே தேய்ந்துபோயிருந்தது. ஆட்டுக்குட்டிக் கதை சொல்லிக்கொண்டு வந்தவளா இவள் என்று நினைத்தேன். அவளை அவ்வளவு ஏசியதற்கு வெட்கமாக இருந்தது.

நான் சைவக்காரி. மறுபிறப்பு உண்டென்று கேட்டு வளர்ந்தவள். அந்தக் குருவானவர் சொல்வது சரியா, எங்கள் பெரியவர்கள் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. ஆனால் என் பிள்ளை வெள்ளத்துக்கு முன்னால் தனியாக நிற்கிறாள் என்ற பயம் அந்தக் கிழமையோடு என்னை விட்டுப் போனது.

காற்று விழுந்து படகு ஓடத் தொடங்கியதும், முதல் நாளே குறிகட்டுவானுக்குப் போனேன். நெடுந்தீவுப் படகு கரைக்கு வரமுதலே, "அக்கா! மடத்துவெளி அக்கா!" என்று ஒரு குரல். அவள்தான். சிவப்புப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்து இறங்கி ஓடிவந்தாள்.

"உங்களைத் தேடித்தான் வாறன் அக்கா. வீட்டை போய்ப் பாத்தால் சின்னப்பிள்ளையின்ரை சட்டை! பிள்ளை தேடுமெல்லே எண்டு எனக்கு ஒரே அந்தரம். ஊத்தையாய்க் கிடந்தது, வடிவாய்த் தோய்ச்சு மினுக்கிக் கொண்டந்தனான்."

எனக்குக் காதுக்குள் கூவியது. பைக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தேன். மடிப்புக் குலையாமல் மினுக்கிய மஞ்சள் சட்டை. முகத்தில் வைத்து மணந்தேன். சவர்க்காரமும் அடுப்புப் புகையும்தான் மணத்தன. என் பிள்ளையின் மணம் இல்லை, துளிகூட இல்லை. ஒரு கிழமைக்கு முதல் என்றால் அந்த இறங்குதுறையே அதிரக் கத்தியிருப்பேன். அவளுடைய தலைமயிரைப் பிடித்து உலுப்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

என் முகம் மாறியதை அவள் கவனித்துவிட்டாள். "நாவல்பழக் கறைதான் அக்கா போகேல்லை. தேசிக்காய் போட்டும் தேய்ச்சுப் பாத்தன். குறை நினையாதையுங்கோ. வெய்யிலும் இல்லை, அடுப்படியிலை பிடிச்சுத்தான் காயவைச்சனான். எங்களுக்குக் கரண்ட் இல்லைத்தானே, இஸ்திரிக்கைப் பெட்டியிலை சிரட்டைக் கரி போட்டு மினுக்கினனான். பிள்ளை போடேக்கை நல்லாயிருக்க வேணுமெல்லே?"

கேட்டுக்கொண்டே நின்றேன். சின்னப்பிள்ளைக்கு ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். இவளோ கண்ணால் காணாத என் பிள்ளைக்காக, மழைக்குள்ளே தோய்த்து, அடுப்படியில் நின்று காயவைத்து, கரி மூட்டி மினுக்கி, கடல் தாண்டிக் கொண்டு வந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. நன்றி வந்தது. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் பயந்துபோனாள்.

"என்னக்கா இது, ஒரு சட்டைக்கு!" என்று சிரித்தாள்.

அவளுடைய பையைக் கொடுத்தேன். முதலில் புத்தகத்தைத்தான் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இது இல்லாமல் இந்தக் கிழமை எனக்கு நித்திரையில்லை. என்ரை அவர் கடலிலை போனவர் அக்கா. கிடைக்கேல்லை" என்றாள். பிறகு மெதுவாக, "வாசிச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம் தங்கச்சி. நல்ல புத்தகம்."

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், தோய்த்தது எதை என்று தெரிந்து அவள் வாழ்நாள் முழுக்க வருந்தியிருப்பாள். அதனால் சொல்லவில்லை. சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன். பட்டணத்துப் பஸ் புறப்படப்போகிறது என்று யாரோ கத்தினார்கள், அவளுக்குப் பட்டணத்திலும் ஏதோ அலுவல், அதில் போகவேண்டியிருந்தது. ஏறுபடியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"பிள்ளைக்கு எத்தினை வயசு அக்கா?"

"அஞ்சு" என்றேன்.

"கெட்டிக்காரியோ?"

"சரியான வாய்க்காரி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குள் மறைந்தாள். அதன் பிறகு அவளை நான் எங்கேயும் காணவில்லை.

அன்று நான் சொன்னது பொய் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்களா என்று யாராவது கேட்டால் இன்றும் நான் தலையைக் குனியாமல், ஒரு மகள் இருக்கிறாள் என்றுதான் சொல்கிறேன். அப்படிச் சொல்லும் தைரியத்தை எனக்குத் தந்தது அந்த முன்பக்கம் கிழிந்த புத்தகமும், அந்தச் சட்டையைத் தோய்த்து மினுக்கி, என் பிள்ளைக்கு யாருமே செய்யாத ஒரு கடமையைத் தனக்கே தெரியாமல் செய்து முடித்த அந்த நெடுந்தீவுப் பெண்ணும்தான்.