டிரைவரின் இடுப்பளவு

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. துணியைப் போலவே வார்த்தையையும் அளந்துதான் வெட்டுவாள். யாருடைய இடுப்பளவையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குங்க" என்பதோடு சரி. உள்ளதைச் சொன்னால் வந்தவர் முகம் சுருங்கிவிடும், பிறகு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் பேண்ட் தைக்கும்போதே பின்பக்கத் தையலுக்குள் தாராளமாகத் துணி விட்டுவைப்பாள். ஆள் பருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். நாளெல்லாம் உட்கார்ந்த வேலை. வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு டீ, ஒரு சிகரெட். அவருடைய அப்பா ஐம்பதைத் தொடுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டை இரண்டாக்கிவிடுவார்.

"ஆறு வருஷமா இதே யூனிஃபார்ம் பேண்ட். இடுப்பு அப்படியே இருக்கு. எனக்கென்ன கேடு?" என்று கண்ணாடி முன் நின்று பெருமை அடித்துக்கொள்வார். அவள் சிரித்துவைப்பாள். பட்டன் இறுகுவதை அவருக்கு முன்பே கண்டுபிடித்து, துவைத்துக் காய்ந்த கையோடு தையலைப் பிரித்துவிடுவது அவள்தான். மனுஷன் முகம் வாடக் கூடாதே என்ற பிரியம். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இது தெரியாது.

அன்று காலை டிப்போ மாடிப்படி ஏறும்போது அவருக்கு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. சட்டை நனைய வியர்த்தது. "வாயுதான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்றார். நல்லவேளை, கண்டக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவளையும் வரவழைத்தார்.

மாலைக்குள் வலி அடங்கியது. அடங்கியதும் பிடிவாதம் திரும்பிவிட்டது. வீட்டுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "வலி போச்சு, ஆனா அடைப்பு போகலை. இது சின்ன அட்டாக். நாளைக்கு ஆஞ்சியோ பண்ணிப் பார்த்தாகணும். உங்க அப்பாவுக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கு. நீங்க சிகரெட்டை விடல. பிரஷர் இருக்கறதே உங்களுக்குத் தெரியல. உட்கார்ந்தே வேலை, தொப்பையும் போட்டிருக்கு. இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிட்டுதான் வரும்."

"தொப்பையா? எனக்கா?" அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஆறு வருஷமா ஒரே பேண்ட், டாக்டர். வேணும்னா இவளைக் கேளுங்க. தைச்சவளே இவதான்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் இறங்கி நடந்துவிடுவார். மாமனாரைத் தூக்கிக்கொண்டு போன நாள் அவள் கண்ணில் வந்து நின்றது.

நர்ஸ் கொடுத்த பையிலிருந்து அந்தப் பேண்ட்டை எடுத்தாள். உட்புறத்தைத் திருப்பிக் கட்டிலில் விரித்தாள். பிரித்த தையல்களின் ஊசித்தடங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தெரிந்தன.

"இது முதல்ல தைச்சது. இதெல்லாம் பிரிச்சுப் பிரிச்சு விட்டது. கடைசியா போன மாசம்." அவள் விரல் துணியின் ஓரத்தில் வந்து நின்றது. "இதுக்கு மேல விடறதுக்கு உள்ள துணி இல்லீங்க."

அவர் அந்தத் தடங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்களேன்னு பயந்தேன்" என்றாள். அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதாள்.

அவர் அவளைத் தேற்றவில்லை, திட்டவுமில்லை. டாக்டரம்மாவிடம், "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பிறகு பேண்ட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"பாக்கெட்ல சிகரெட் இருக்கும். எடுத்து வெளிய போட்டுடு."