நாலு கட்டச் சிரிப்பு

கண்ணாடியைக் கழற்றாமலே முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறாள் றம்லத். சோடாப் புட்டித் தடிப்பு. அது இல்லாவிட்டால் கிட்டவும் மங்கல், எட்டவும் மங்கல். "கண்ணாடியோடயே பொறந்தவ" என்பது கட்டுகஸ்தோட்டை ஊர்க்கேலி.

தொழில் குறுக்குத் தையல். தாளில் எத்தனை கட்டமோ, துணியில் அத்தனை பெருக்கல் குறி. ரோசாப்பூப் போட்ட குஷன் உறைகள் கண்டிக் கடைகளுக்குப் போகின்றன. யுத்தம் நடந்தாலும் சாய்கிறவர்கள் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

புருஷன் முஹைதீன் 2007இல் வவுனியாவுக்கு லொறி கொண்டு போனார். லொறி தம்புள்ளையில் நின்றது. ஆள் இல்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள், எழுதியதோடு சரி. வீட்டிலிருந்த அவருடைய படங்களையும் கேட்டு வாங்கினார்கள். ஒன்றும் திரும்பவில்லை. மிஞ்சியது கம்பளைக் கல்யாண வீட்டில் யாரோ போனில் பிடித்த படம். பின்வரிசையில், நகமளவு முகம்.

ஸ்டூடியோக்காரர் அதைப் பெருப்பித்துவிட்டுக் கையை விரித்தார். "கட்டம் கட்டமா ஒடஞ்சி போச்சி ராத்தா. கண்ணு மங்கலா பாத்தாத்தான் ஆள் தெரியிது."

"கட்டமா? அது ஏன்ட தொழில். அப்பிடியே தாங்கொ."

ஐந்து மாதம் தைத்தாள். கன்னத்துக்கே ஏழு தவிட்டு நிறம். அதில் ஒன்று எந்தக் கடையிலும் இல்லை. அவர் உடுத்திய சாரத்தின் கரையிலிருந்து நூல் உருவினாள். கேட்டால், "சிரிப்பு நாலே நாலு கட்டம்தான். அத கடைசிக்கி வெச்சிக்கிட்டுத் தச்ச" என்பாள்.

அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் முகப்படம் மாட்டுவதில்லை. மாட்டினால் மலக்குகள் என்ற வானவர்கள் வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்பது நம்பிக்கை. றம்லத் மாட்டிய செய்தி கேட்டு முஹைதீனின் அக்கா கைரியா வந்தாள்.

"தம்பிட மொகத்த தச்சி மாட்டீக்கி எண்டு செல்றாங்க. கழட்டு புள்ள."

"மொகமா? எங்க மதினி? கிட்ட வந்து பாருங்கொ."

கைரியா சுவரில் மூக்கு முட்டுமளவுக்குப் போனாள். தவிட்டுக் கட்டம், கறுப்புக் கட்டம், நாலு வெள்ளைக் கட்டம்.

"என்னத்தியன் இது, பாய் மாதிரி?"

"பாயெண்டே வெச்சிக்கொளுங்கொ."

பிளேன்டீ குடித்துவிட்டுக் கைரியா வாசலில் செருப்பை மாட்டினாள். அங்கிருந்து ஒருதடவை சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு செருப்பு மாட்டியபடி, மற்றது மாட்டாமல், கொஞ்ச நேரம் நின்றாள்.

"பாய் ஈக்கட்டும்" என்றாள்.

அவள் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை றம்லத் பார்த்திருந்தாள். பிறகு சுவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.