பன்னிரண்டு மணிக்கு மூடிய ஜன்னல்

கெமிஸ்ட்ரி லேபில் என் தங்கைக்கு இரண்டு முறை மூச்சு முட்டியது. மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் அப்போது இரண்டாம் வருடம். அங்கே வரும் ரசாயன ஆவி இவளுக்கு ஆகாது, இனி லேப் பக்கமே போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கெமிஸ்ட்ரியை விட்டு வரலாற்றுக்கு மாற வேண்டும். அதற்கு ஒரு மனு. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பாதுகாவலர் நேரில் வந்து, ஆபீஸ் ஜன்னலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தவறினால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்று கடிதம் எழுதியிருந்தாள்.

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் பாதுகாவலர் நான்தான். மண்ணூரில் ஐந்தாவது வரை படித்தவன். அரிசி மில்லில் நெல் அவிக்கும் வேலை. மில் முதலாளி எதிரில் வந்தாலே சுவரோரம் ஒதுங்கி நிற்பவன். கடிதம் வந்த நாளிலிருந்து, மில்லில் கிடைத்த துண்டுக் காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுபோல இன்னொன்று வரவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, பூந்தமல்லியில் மாறி, கல்லூரி வாசலுக்குப் போனபோது மணி பத்தேகால். தங்கை மனுவோடு நின்றிருந்தாள்.

"வாண்ணா, இப்பவே குடுத்துடலாம். கூட்டமே இல்ல."

உள்ளே நாலடி வைத்தேன். ஆபீஸ் ஜன்னலில், மடிப்புக் கலையாத பேன்ட் போட்ட ஒருவரை குமாஸ்தா இங்கிலீஷில் திட்டிக்கொண்டிருந்தார். திட்டு வாங்கியவர் கையில் தோல் பை, கண்ணில் கண்ணாடி. அப்படிப்பட்டவரே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் தூணோரம் ஒதுங்கினேன். குமாஸ்தா என்னை ஏதாவது கேட்டால்? நான் முழிப்பதைப் பார்த்து, இவனா பாதுகாவலர் என்று மனுவைத் தூக்கி எறிந்தால்?

சுவரில் கடிகாரம் பத்து இருபத்தைந்தைக் காட்டியது.

"இன்னிக்கி வெள்ளிக்கெழம," என்றேன். "பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். இப்ப குடுக்க வேணாம்."

"இன்னும் அஞ்சு நிமிசம் கீதுண்ணா."

"குடுத்துக்கினு இருக்கும்போதே பத்தரை ஆயிடும்."

"பன்னெண்டுக்குள்ளன்னு போட்டுக்கீறாங்களே."

"பன்னெண்டு அடிச்ச ஒடனே மொத ஆளா நிக்கலாம். அடிச்சதுமே மூடிடுவாங்களா இன்னா?"

எங்கள் வீட்டில் ராகு காலத்தில் விதை நெல்லைக்கூட மூட்டையிலிருந்து எடுக்க மாட்டோம். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் யாரும் மறுத்துப் பேச முடியாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

வேப்பமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். மூன்று பெண்கள் தங்கள் அப்பாக்களோடு ஜன்னலுக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். ஒவ்வொரு முறையும் தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம் இரண்டு முறை போய்வந்த பியூன் நின்று விசாரித்தார். தங்கை காரணத்தைச் சொன்னாள்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்கவா வந்துக்கீற, நல்ல நேரம் பாத்துக்கினு?" என்று சிரித்தார். "ஜன்னல்ல கீற ஆளு கடியாரத்தவிட மோசம். சொல்லிட்டேன்."

அப்போதாவது போயிருக்கலாம். கால் வரவில்லை.

மணி அடித்தது. நாங்கள் ஓடினோம். ஜன்னல் கதவு எங்கள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. உள்ளே கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. தங்கை கதவைத் தட்டினாள். "டைம் ஓவர்," என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மனுவை மார்போடு அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். லேப் இல்லாத இடத்திலும் அந்தச் சத்தம் அவள் நெஞ்சிலிருந்து வந்தது. என்னால்தான் வந்தது.

பியூன்தான் எங்களைப் பிரின்சிபால் அறைக்கு அழைத்துப் போனார். அந்த அம்மா நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"பத்தேகாலுக்கும்மா."

"அப்புறம் ஏன் கொடுக்கலை?"

தங்கைதான், இழுத்த மூச்சுக்கு நடுவில், "ராகு காலம்னு அண்ணன் சொன்னாங்கம்மா," என்றாள்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பன்னெண்டு மணி வரைக்கும் வந்த மனுக்களை ஒரு ஆள் யூனிவர்சிடிக்கு எடுத்துட்டுப் போயிட்டார். அவங்க எல்லாம் வரலாறு ரெண்டாம் வருஷத்துல சேருவாங்க. இனிமே என் அதிகாரத்துல செய்யக்கூடியது ஒண்ணுதான். உங்க தங்கச்சி முதல் வருஷத்துலேர்ந்து மறுபடியும் படிக்கணும். சம்மதமா?"

தங்கை தலையை ஆட்டினாள். அந்த அம்மா பேனாவை என்னிடம் நீட்டினார். நான் பேனாவை அழுத்தியதில் காகிதம் நகர்ந்தது. அவர் ஒரு கண்ணாடிக் குண்டை அதன்மேல் வைத்துவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனி, ஞாயிறு லீவு என்பதால் தங்கை என்னோடு ஊருக்கு வந்தாள். வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் அம்மாவிடம் அவளே சொன்னாள். ஒரு வருடம் வீணாகிவிட்டது என்பதையும் சொன்னாள். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"போவுது போ. நல்லவேள, அண்ணன் ராகு காலத்துல குடுக்கவுடல. குடுத்திருந்தா இந்த எடமும் கெடச்சிருக்காது."

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாம்மா," என்றாள்.

ராகு காலம் என் சாக்கு என்று தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? கேட்பதற்கு எனக்கு இன்றுவரை பயம்.