தங்கை வீட்டு அடிக்கட்டை

என் தங்கை புருஷனைப் போலப் பொறாமை பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. பொறாமைப்படுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அதைச் சிரிப்பால் மூடிக்கொள்வார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மனசுக்குள் எரிவது முகத்தில் அப்படியே தெரியும். நாங்கள் புதிதாக ஃபிரிட்ஜ் வாங்கியபோது பார்க்க வந்தார். "நல்லா இருக்கு" என்றார். அப்புறம் அதன் கதவை ரெண்டு மூன்று தரம் திறந்து மூடினார். "ரப்பர்தான் கொஞ்சம் லூசா இருக்கு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தார்.

அவருடைய பொறாமை முழுக்க ஒரே ஆள்மேல்தான். என் கணவர்மேல். சகலைகள் என்றாலே கொஞ்சம் போட்டி இருக்கும். மாமனார் வீட்டில் யாருக்கு முதலில் நாற்காலி போட்டார்கள் என்பதிலிருந்து தொடங்கிவிடும். இந்தப் போட்டியில் அவர் பாவம், ஆரம்பத்திலேயே தோற்றுப்போனவர். என் கணவர் நெடுநெடுவென்று இருப்பார், கட்டட கான்ட்ராக்டர், ஆட்களை அதட்டி வேலை வாங்கிப் பழகிய குரல். தங்கை புருஷன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, கண்ணாடியை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துகிறவர். கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் இருப்பதே தெரியாது. உயரத்தில் என் காது வரைக்கும்தான் வருவார். நானே உயரமில்லை.

தங்கை கல்யாணத்தன்று போட்டோ எடுக்க வந்தவர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து நிறுத்திப் பார்த்தார். ஒத்துவரவில்லை. "மாப்பிள்ளை காலுக்குக் கீழ ஒரு கட்டையைப் போடுங்க" என்றார். எங்கிருந்தோ ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்தார்கள். அவரும் ஏறி நின்றார். "கட்டை மேல கட்டை" என்றார் என் கணவர். கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்தக்காரர்கள், கடையில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் அவர் கட்டைதான்.

சிரிக்காதவள் என் தங்கை ஒருத்தி. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததே கிடையாது. அவர் பக்கத்தில் இருந்தால் கட்டைவிரல் என்றுகூடச் சொல்லமாட்டாள், பெருவிரல் என்பாள். அதனால்தான் ஊர் என்ன கூப்பிட்டாலும் அவருக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குள் அவர் கட்டை இல்லை, அது போதும் அவருக்கு.

ஒருவர் நம்மைப் பார்த்து வயிறெரிவதில் ஒரு சுகம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. புது சோபா வந்ததும் நான் முதலில் போன் போட்டது தங்கைக்குத்தான்.

அவர்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு பழைய மாமரம் நின்றது. காய்ப்பதை நிறுத்தி வெகுகாலம். கரையான் அரித்து, ஒரு கிளை துணிக்கொடிமேல் விழுந்தபிறகு, என் கணவர் தன் ஆட்களை அனுப்பி மரத்தை வெட்டிக் கொடுத்தார். முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். "அதை மெஷின் வச்சு எடுத்துடலாம், அனுப்புறேன்" என்று சொன்னார். சொன்னதோடு சரி. அந்த இடத்தில் கீரைப்பாத்தி போடவேண்டும் என்று தங்கைக்கு ஆசை. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அதில் காலை இடித்துக்கொண்டு, எனக்குப் போன் பண்ணிப் புலம்புவாள்.

அப்படித்தான் ஒருநாள் மத்தியானமும் புலம்பினாள். அவள் சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம். "இந்தக் கட்டையைக் கட்டிக்கிட்டு அழவேண்டியிருக்குக்கா. எதுக்கும் பிரயோஜனமில்ல, நடுவுல நின்னுக்கிட்டு உயிரை வாங்குது. உன் வீட்டைப் பாத்தா எனக்கு ஏக்கமா இருக்கு. மாமாகிட்ட சொல்லி எப்படியாவது இதைத் தொலைக்க ஒரு வழி பண்ணு."

பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "அவர் வந்துட்டார் போலிருக்கு, இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டார். வச்சிடுறேன்" என்று போனை வைத்தாள்.

மறுநாள் காலையில் அவர் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிட்டார். கண்ணாடி தேய்க்கிற கை. பூப்போல இருக்கும். அன்றைக்கே கொப்புளம் போட்டுவிட்டது என்று தங்கை சொன்னாள். ஆனாலும் விடவில்லை. விடிந்ததும் கொஞ்சம், கடையிலிருந்து வந்து இருட்டும்வரை கொஞ்சம். அடிக்கட்டையைச் சுற்றிக் குழி வெட்டினார். ஒவ்வொரு வேரையும் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மண்ணோடு வெட்டினால் கோடரியின் வாய் மழுங்கிவிடும். அப்படியும் மழுங்கியதை நன்றாகத் தீட்டி வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

"மெஷின் வரும்னு மாமா சொல்லியிருக்காரேன்னு கேட்டேன்க்கா" என்றாள் தங்கை. "அந்தாளு வந்துதான் உனக்கு எல்லாம் நடக்கணுமான்னு ஒரு பார்வை பாத்தார். முகம் கொடுத்தே பேசமாட்டேங்கிறார். சாப்பாடு போட்டா, 'எனக்கெதுக்கு இவ்வளவு'ங்கிறார். எனக்குப் பயமா இருக்கு."

"எல்லாம் பொறாமைதான். விடு" என்றேன். என் கணவரிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கட்டைக்கு வீம்பு வந்துடுச்சா? ஞாயித்துக்கிழமை போவோம். வண்டியில கட்டி ஒரே இழுப்பு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வண்டி புதிது, வாங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. தங்கை புருஷன் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். இடுப்புவரை மண். எங்களைப் பார்த்ததும் முதலில் அவர் கண் வண்டிமேல்தான் போனது. நானும் அதைத்தான் கவனித்தேன். எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

"சகலை, மேல வாங்க. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றார் என் கணவர்.

"வேண்டாம்ணே. நானே எடுத்துக்குறேன்."

"அட வாங்கய்யா. அஞ்சு நிமிஷ வேலை."

"எங்க வீட்டுக் கட்டை. எப்படித் தொலைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார். தங்கை முகம் சுருங்கியது. அவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு என்னவோபோல ஆகிவிட்டது.

என் கணவர் யார் சொல்லையும் கேட்கிறவர் இல்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக வண்டியைப் பின்னால் கொண்டுவந்தார், சங்கிலியைக் கட்டையில் சுற்றினார், மறுமுனையை வண்டியில் மாட்டினார். ஆளை விலகச் சொல்லிவிட்டு ஒரு மிதி மிதித்தார். வண்டி உறுமியது. சக்கரம் மண்ணை வாரிச் சுவரில் அடித்தது. கட்டை அசையவே இல்லை. படாரென்று ஒரு சத்தம் கேட்டது. பார்த்தால், பம்பர் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது தங்கை புருஷன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அத்தனை நாள் வாட்டத்திலும் ஒரு மூலையில் விளக்கு எரிந்தது. "அடியில ஆணிவேர் இருக்குண்ணே" என்று மட்டும் அடக்கமாகச் சொன்னார்.

என் கணவர் கோபமாக உள்ளே போய், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒர்க்‌ஷாப்காரனுக்குப் போன் போட ஆரம்பித்தார். தங்கை சமையலறைக்குப் போனாள். நான் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தேன்.

அவர் குழிக்குள் குந்தி, கட்டைக்கு அடியில் கையை நுழைத்து, ஆணிவேரை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். உயரமான ஆளால் அந்த இடுக்கில் உட்காரவே முடியாது. தண்ணீரை வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க தம்பி."

"அன்னிக்கு மத்தியானம் அவ உங்ககிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்தா. நான் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டிருந்தேன். கட்டையைக் கட்டிக்கிட்டு அழறேன்னு சொன்னா. எதுக்கும் பிரயோஜனமில்லன்னு சொன்னா. உங்க வீட்டைப் பாத்தா ஏக்கமா இருக்குன்னா." செம்பைக் குழியின் விளிம்பில் வைத்தார். "ஊரே சொல்லுது, எனக்கு ஒண்ணுமில்ல. அவ சொன்னதில்ல. அதான் கேக்குறேன். அவ இதைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா?"

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சாப்பாடு இறங்காதது, முகம் கொடுக்காதது, கை கிழிந்தும் விடாமல் தோண்டியது. நான் நினைத்ததுபோல வண்டிக்காகவோ மெஷினுக்காகவோ இல்லை. பெண்டாட்டி வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டதே என்று, அதைக் கேட்கவும் தைரியமில்லாமல், ஒரு மனிதர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கனம்.

அந்த இடத்திலேயே எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. என் சோபாவும் ஃபிரிட்ஜும் வெளியே பம்பர் தொங்க நிற்கிற வண்டியும் அதை அணைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அவளுக்கு நான் விட்டுக்கொடுத்தது பழைய பாவாடைகளைத்தான். இப்படி ஒன்று அவளிடம் இருக்கிறது என்றே இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

"மரக்கட்டையைத்தான் சொன்னா தம்பி" என்றேன். "கீரைப்பாத்தி போட இடம் வேணும்னு அழுதா. என் மேல சத்தியம்."

அவர் என்னையே பார்த்தார். பொருத்திய கண்ணாடி நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு குழிக்குள்ளேயே உட்கார்ந்து, மண் அப்பிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

சத்தம் கேட்டுத் தங்கை ஓடி வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முதுகில் ஒரு அடி போட்டாள்.

"என் வாயில என்னிக்காவது அந்தப் பேரு வந்திருக்கா? ஒரு வார்த்தை என்னைக் கேக்கமாட்டீங்களா?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டேன்னா?"

அவள் குழிக்குள் இறங்கினாள். அவர் கையைப் பிடித்துத் திருப்பிக் கொப்புளங்களைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருமாகக் கட்டையின் மேல் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். உள்ளே ஏதோ முறிந்தது. கட்டை சாய்ந்தது. நான் மேலே நின்றுகொண்டிருந்தேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. இருவரும் என்னை மறந்தே போய்விட்டார்கள். காலிச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

திரும்பி வரும் வழியில் பம்பர் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன், செருப்பு, கட்டை, ஒன்றுவிடாமல் சொன்னேன். எதற்காக அவ்வளவு விரிவாகச் சொன்னேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு வார்த்தைக்கா இவ்வளவு கூத்து? பைத்தியம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆசையாகவே சொன்னார்: "என்னைப் பாரு. கல்யாணமான நாள்லேர்ந்து நீ எவ்வளவு சொல்லியிருப்ப. ஒண்ணையாவது நான் மனசுல வச்சுக்கிட்டிருக்கேனா? ஒண்ணு கிடையாது. அதனாலதான் நமக்குள்ள சண்டையே வர்றதில்ல."

"ஆமா" என்றேன்.

"என்ன சொன்ன?" என்றார். அதற்குள் ஒர்க்‌ஷாப்காரன் கூப்பிட்டான். போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.